பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 வோல்ட் காட்டத்தான் செய்யும்

கேள்வி சுருக்கமாக இது: பழைய சிறிய கார். ஹெட்லைட் இரண்டும் மங்கல், இடது பக்கம் இன்னும் மோசம். பல்பு மாற்றியாயிற்று, பேட்டரியும் மாற்றியாயிற்று. பல்பைக் கழற்றி ஹோல்டரில் மீட்டர் வைத்தால் 12.5 வோல்ட் வருகிறது, அதனால் வயரிங் நன்றாக இருக்கிறது என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். இதோடு, பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டர் லேசாக எரிகிறது. ஒரு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் ஸ்டார்ட் ஆவதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதானா, வீட்டில் இருக்கும் சாதாரண மல்டிமீட்டரை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முதல் இரண்டும் ஒரே வகைக் கோளாறு, மூன்றாவது தனி. மூன்றுக்கும் சாதாரண மீட்டர் போதும். ஆனால் இதுவரை அளந்த முறை உங்களைத் தவறான பக்கம் திருப்பிவிட்டது. பேட்டரிக்குச் செலவழித்த பணமும் அதனால் போனதுதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பல்பைக் கழற்றிவிட்டால் அந்தச் சுற்றில் கரண்ட் ஓடுவதில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதாவது 12 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் ஒரு மைக்ரோ ஆம்பியருக்குச் சற்றே மேல். அவ்வளவு சொற்பமான கரண்டுக்கு வழியில் எத்தனை துரு, எத்தனை களிம்பு இருந்தாலும் பொருட்டில்லை. ஏழு எட்டு இழை உள்ள வயரில் ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.5 என்றுதான் காட்டும். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: குழாய்க்குள் பாதிக்கு மேல் உப்பு படிந்திருந்தாலும், கீழே குழாயை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்து வாளியை வைத்தால்தான் நிலவரம் தெரியும்.

கணக்கோடு பார்த்தால் இன்னும் தெளியும். 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 2.6 ஓம். வழியில் வயர்களை இணைக்கும் ஒரு கப்ளர் துருப்பிடித்து 1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது மொத்தத் தடை 3.6 ஓம், கரண்ட் 3.3 ஆம்பியர். பல்புக்குக் கிடைப்பது 8.7 வோல்ட், மீதி 3.3 வோல்ட் அந்தக் கப்ளரிலேயே போகிறது. அங்கே 11 வாட் சூடாக மாறுகிறது. ஹெட்லைட் ஹோல்டர்கள் பழுப்பேறி உருகிப்போவது இப்படித்தான். பட்டறைகளில் அதைப் பார்த்ததும் ‘ஷார்ட் ஆயிடுச்சு’ என்பார்கள். ஷார்ட் ஆகியிருந்தால் பியூஸ் போயிருக்கும். இது அதற்கு நேரெதிர், போக வேண்டிய கரண்ட் போக முடியாமல் அங்கே சூடாகிறது. (மங்கலாக எரியும்போது பல்பின் தடை கொஞ்சம் குறையும் என்பதால் உண்மை எண்கள் சற்று மாறும். விஷயம் மாறாது.)

இந்தக் கணக்கின் அடிப்படை ஜெர்மானியரான கியார்க் ஓம் 1827இல் வெளியிட்டது: கரண்டைத் தடையால் பெருக்கினால் வோல்ட். கரண்ட் பூஜ்யம் என்றால் எந்தத் தடையால் பெருக்கினாலும் இழப்பு பூஜ்யம்தான். பல்பைக் கழற்றி அளக்கும்போது நடப்பது இதுவே. இன்னொன்று இயற்பியலாளர் கிர்ச்சாஃப் 1845இல், மாணவராக இருந்தபோதே, எழுதிக் காட்டியது: ஒரு சுற்றில் ஆங்காங்கே விழும் வோல்ட்டை எல்லாம் கூட்டினால், கொடுத்த வோல்ட் சரியாக வந்துவிடும். குறைந்த வோல்ட்டேஜில் கோளாறு தேடுவதற்கு இந்த இரண்டும் தெரிந்தால் போதுமானது என்பது என் உறுதியான கருத்து. பேட்டரியில் 14 இருந்து பல்பில் 11.6 மட்டும் இருந்தால், அந்த 2.4 வோல்ட் காணாமல் போகவில்லை. வழியில் எங்கோ ஓர் இடத்திலோ சில இடங்களிலோ நின்றுகொண்டிருக்கிறது. மீட்டரால் அதைத் தொட்டுக் காட்ட முடியும்.

2.4 வோல்ட் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆலஜன் பல்பில் அது பெரிய விஷயம். அதன் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய மூன்றரை மடிப்படி மாறுகிறது. 13.2 வோல்ட்டில் கிடைக்கும் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால், 11.6 வோல்ட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வெளிச்சம் மஞ்சளாகவும் மாறும். ‘பல்பு புதுசு, ஆனாலும் மஞ்சளா எரியுது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது வயர் வழியைத்தான்.

சரி, அளப்பது எப்படி? தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். 12 வோல்ட் உங்களுக்கு ஷாக் அடிக்காது, ஆனால் சுட்டுவிடும். கார் பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரம், காப்பு, உலோகப் பட்டை வைத்த கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. பேட்டரி வயரைக் கழற்றுவதானால் முதலில் நெகட்டிவ், மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது ஒன்றும் ஆகாது. மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ உள்ள வயர்கள் ஏர்பேக் உடையவை, அவற்றின் பக்கமே போக வேண்டாம். இங்கே சொல்லும் எதையும் வீட்டு 230 வோல்ட்டில் செய்து பார்க்கக் கூடாது. அங்கே கையை வைக்கிற விதமே வேறு.

மீட்டரைப் பற்றி ஒன்று. சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி கரண்ட் அளந்துவிட்டு, அதை மாற்றாமல் அப்படியே பேட்டரி முனைகளில் வோல்ட் அளக்கப் போனால், மீட்டரே ஷார்ட் ஆகிவிடும். அந்தத் துளைக்குள் தடை கிட்டத்தட்ட இல்லை. மலிவான சில மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பியூஸ்கூட இருக்காது. கரண்ட் அளந்து முடித்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும்.

முதலில் பேட்டரி. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். இந்தப் பாதிக்கும் முழுசுக்கும் இடையே அரை வோல்ட்டுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘பேட்டரியில் 12 வோல்ட் இருக்கு’ என்பது நல்ல செய்தியே அல்ல. செல்ஃப் அடிக்கும்போது இரண்டு முனைகளிலும் 9.6க்குக் கீழே போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். உங்கள் புதுப் பேட்டரி இதிலெல்லாம் தேறிவிடும் என்றே நினைக்கிறேன். பழையதும் தேறியிருக்கலாம்.

இப்போது ஹெட்லைட். பல்பை ஹோல்டரில் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, டிம் வெளிச்சத்தைப் போடுங்கள். மீட்டர் டிசி 20 வோல்ட்டில். ஹோல்டரின் பின்பக்கம் வயர் நுழையும் துளை வழியாக மெல்லிய குண்டூசியை நுழைத்தால் உள்ளே உலோகத்தைத் தொடும், அதில் மீட்டர் முனையை வைக்கலாம். வயரின் பிளாஸ்டிக் தோலைக் குத்தித் துளைக்காதீர்கள். அந்தத் துளை வழியாக ஒரே மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கி, உள்ளே செம்பு பச்சைக் களிம்பாகிவிடும். இன்றைக்குக் குத்திய இடம்தான் நாளைய கோளாறு.

பல்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு என்று பாருங்கள். பேட்டரியில் எவ்வளவு என்றும் பாருங்கள். வித்தியாசம்தான் மொத்த இழப்பு. அது அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சுற்று நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட் என்றால் பழைய வண்டிகளில் சகஜம், ஆனால் சரிசெய்யத் தகுந்தது. இரண்டு வோல்ட் என்றால் கட்டாயம் எங்கோ கெட்டிருக்கிறது.

அடுத்ததுதான் முக்கியமான படி, பெரும்பாலோர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவ் முனையில் வையுங்கள். கிளாம்ப்பில் அல்ல, நடுவில் இருக்கும் ஈயக் குமிழிலேயே. கறுப்பு முனையைப் பல்பின் பாசிட்டிவ் பக்கத்தில் வையுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது மீட்டர் காட்டுவது பாசிட்டிவ் வழி முழுவதிலும் விழும் வோல்ட். ஒரே வயரின் இரண்டு நுனிகளை அளக்கிறோமே, பூஜ்யம்தானே வர வேண்டும் என்று தோன்றும். வர வேண்டியது பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான். வரும் எண் எவ்வளவோ அவ்வளவு கெட்டிருக்கிறது. அப்புறம் கறுப்பைப் பேட்டரி நெகட்டிவ் குமிழிலும் சிவப்பைப் பல்பின் எர்த் பக்கத்திலும் (கரண்ட் பாடி வழியாக நெகட்டிவுக்குத் திரும்பும் பக்கம்) வைத்தால் எர்த் வழி இழப்பு தெரியும். இது 0.1 அல்லது 0.2க்குள் இருக்க வேண்டும்.

மீட்டர் வயர் எட்டாவிட்டால் மூன்று நான்கு மீட்டர் வயரை இடையில் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் அளவு கெடாது. மீட்டர் வழியே ஓடுவது மைக்ரோ ஆம்பியர் என்பதால் அந்தக் கூடுதல் வயரில் விழ ஒன்றுமில்லை. முதலில் நம்மை ஏமாற்றிய அதே உள்தடை இங்கே நமக்கு உதவுகிறது.

உதாரணத்துக்கு, பேட்டரி 14.0, பல்பு 11.6, பாசிட்டிவ் வழி 1.5, எர்த் வழி 0.9 என்று வருகிறது என்போம். கூட்டிப் பாருங்கள், 14.0 வருகிறது. வராவிட்டால் அளந்ததில் பிழை, அல்லது அளந்துகொண்டிருந்த நேரத்தில் இன்ஜின் வேகம் மாறியிருக்கிறது. இப்போது பாசிட்டிவ் வழியை எடுங்கள். சிவப்பைப் பேட்டரியிலேயே விட்டுவிட்டு, கறுப்பைப் பல்பிலிருந்து பேட்டரியை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். ஹோல்டரில் 1.5, முன்பக்கக் கப்ளரில் 1.4, சுவிட்ச்சிலிருந்து வெளியேறும் இடத்தில் 1.2, சுவிட்ச்சுக்குள் நுழையும் இடத்தில் 0.4 என்று வந்தால், 0.8 வோல்ட் சுவிட்ச்சுக்குள்ளேயே விழுகிறது. சுவிட்ச்சின் முனைகள் கருகியிருக்கும். பெரிய தாவல் எங்கேயோ கோளாறு அங்கே. எதையும் ஊகிக்க வேண்டியதில்லை, எதையும் ‘மாற்றிப் பார்க்க’ வேண்டியதில்லை.

இதையே ஓம் அளவில் வைத்துச் செய்யலாமே என்று கேட்பார்கள். நம் பிரச்சினை 0.1, 0.2 ஓம் அளவில் இருக்கிறது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே சாதாரண மீட்டர் 0.2, 0.3 என்று காட்டும். போதாக்குறைக்கு, ஓம் அளக்கும்போது மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சொற்பம். செல்ஃப் மோட்டார் கேபிளில் எல்லா இழையும் அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் ‘பீப்’ சத்தம் கேட்கும். தொடர்ச்சி இருக்கிறதா என்பதற்கு பீப் சரி, நூறு ஆம்பியரைத் தாங்குமா என்பதற்கு அது பதில் ஆகாது. பல்பை ஓமில் அளப்பதும் இப்படியே குழப்பும். குளிர்ந்த 55 வாட் பல்பு ஒரு ஓமுக்கும் வெகு குறைவாகக் காட்டும், 2.6 அல்ல. இழை சூடேறினால்தான் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது. அதைப் பார்த்துப் பல்பு ஷார்ட் என்று தூக்கிப்போட வேண்டாம்.

உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் மங்கல், இடது இன்னும் மோசம் என்கிறீர்கள். இதிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டையும் பாதிப்பது இரண்டுக்கும் பொதுவான வழியில் இருக்கும்: பேட்டரி கிளாம்ப், பியூஸ் பெட்டி, சுவிட்ச். இடதுக்கு மட்டும் கூடுதலாக இருப்பது இடது பக்கத்துக்கே உரிய வழியில்: அதன் ஹோல்டர், அதன் எர்த். எர்த் என்றே பந்தயம் கட்டுவேன். முன்பக்க பானலில் ஒரு சின்ன திருகில் கறுப்பு வயர் மாட்டியிருக்கும். வண்டியைக் கழுவும் ஒவ்வொரு முறையும் நனையும் இடம் அது. கழற்றி, அடியில் பெயின்ட்டும் துருவும் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதற்குப் பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். விளக்கை அணைத்தாலும் பல்பின் இரு முனைகளும் பேட்டரி வோல்ட்டில் நிற்கும். அப்படிப்பட்ட வண்டியில் எர்த் வழி இழப்பில் சுவிட்ச்சும் சேர்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லா இணைப்பும் சுத்தமான பிறகும் ஒரு வோல்ட் வரை இழப்பு மிஞ்சலாம். அது பழுது அல்ல, அமைப்பு. பழைய சிறிய கார்கள் பலவற்றில் இரண்டு ஹெட்லைட்டின் கரண்ட்டும், சேர்ந்தால் 9 ஆம்பியருக்கு மேல், டாஷ்போர்டுக்குள் போய் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகத் திரும்பி வருகிறது. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.023 ஓம் தடை உடையது. அப்படி நான்கு மீட்டரில் 9 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 0.8 வோல்ட் போய்விடும். இதற்கு விடை ரிலே, அதாவது சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும்: 30 என்பது பேட்டரியிலிருந்து வருவது, 87 என்பது விளக்குக்குப் போவது, 85 மற்றும் 86 உள்ளே இருக்கும் காயிலின் இரு முனைகள். ஜெர்மானியத் தர எண்கள் இவை, உலகம் முழுவதும் கார்களில் இதையே பார்க்கலாம். பழைய ஹெட்லைட் வயர் இனி காயிலை மட்டும் இயக்கும், அதற்குச் சுமார் 0.15 ஆம்பியர் போதும், சுவிட்ச்சும் கருகாது. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை நேராக ரிலேவுக்கும் அங்கிருந்து விளக்குக்கும் கொண்டுபோங்கள். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே, ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் பியூஸ். பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவே உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது, அது எங்காவது பாடியில் உரசினால் தீப்பிடிக்கும்.

வெளிச்சம் போதவில்லை என்று 90/100 வாட் பல்பை மாட்டச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆனால் வழியில் விழும் வோல்ட்டும் அதே அளவு கூடும், இணைப்புகளில் சூடு அதன் இருமடி, அதாவது இரண்டரை மடங்குக்கு மேல். ஏற்கெனவே பழுப்பேறிய ஹோல்டர் அதைத் தாங்காது. எதிரே வருபவரின் கண்ணும் தாங்காது. அதே 55 வாட் பல்புக்கு 13.5 வோல்ட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இது என் வண்டிதானா என்று கேட்பீர்கள்.

அடுத்தது பின்விளக்கு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது என்பதைக் கேட்டதும் பலர் சுவிட்ச்சையோ, இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷரையோ மாற்றப் போவார்கள். சம்பந்தமில்லாத விளக்குகள் ஒன்றையொன்று பாதித்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். பின்விளக்குப் பெட்டியில் பிரேக், பார்க்கிங், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எர்த் வயர்தான். அது விட்டுப்போனால் பிரேக் விளக்கின் கரண்டுக்கு வெளியேறும் வழி இல்லை. ஆகவே பக்கத்து இண்டிகேட்டர் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், அதன் வயர் வழியே முன்பக்க இண்டிகேட்டரை அடைந்து, அங்கிருக்கும் எர்த்தில் இறங்குகிறது. வழியில் எல்லா இழையும் அரைகுறையாக எரியும். சோதிப்பது எளிது: பிரேக்கை ஒருவரை மிதிக்கச் சொல்லி, பெட்டியின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் ஒன்றிரண்டு வோல்ட்டோ அதற்கு மேலோ நிற்கும். ஒரு வயரை எடுத்து அந்த எர்த் முனையையும் சுத்தமான பாடி உலோகத்தையும் இணைத்துப் பாருங்கள். உடனே எல்லாம் ஒழுங்காக எரிந்தால் முடிந்தது வேலை.

இதே எர்த் கோளாறு இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டையில் வந்தால் செல்ஃப் இழுக்காது. சில வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச் கேபிளோ ஆக்ஸிலரேட்டர் கேபிளோ சூடாகும். நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் திரும்பி வர வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கேபிளைப் பிடித்துக்கொள்கிறது. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் உலோகத்துக்கும் பேட்டரி நெகட்டிவ் குமிழுக்கும் நடுவே 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அந்தப் பட்டையைக் கவனியுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதே வண்டியில் நாளை வரக்கூடியது ஷார்ட். பியூஸ் மாட்ட மாட்டப் போய்க்கொண்டே இருந்தால் பெரிய பியூஸ் போடுவதும், வயர் இழையைச் சுற்றிப் போடுவதும் மிகத் தவறு. பியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. பியூஸைவிடத் தடிமனான எதையாவது வைத்தால் அடுத்து உருகுவது டாஷ்போர்டுக்குள் ஓடும் வயர்க் கட்டு. அதற்குப் பதிலாக, பியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இரண்டு வயரோடு மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். எத்தனை நேரம் எரிந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் எதுவும் கெடாது. அந்த பல்பைப் பார்த்துக்கொண்டே அந்தச் சுற்றில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், வயர்க் கட்டை அங்கங்கே அசையுங்கள். பல்பு மங்கும் அல்லது அணையும் இடத்தில் ஷார்ட் இருக்கிறது. டிக்கி கதவு மடங்கும் இடம், கதவுக்குள் வயர் நுழையும் ரப்பர் குழாய், பிறகு கூட்டி மாட்டிய பொருள்களின் வயர் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), சென்சார் வயர்களில் மட்டும் இந்தப் பல்பு வித்தை கூடாது, அவை 5 வோல்ட்டில் சில மில்லி ஆம்பியருக்கு அமைந்தவை.

கடைசியாக, ஒரு வாரத்தில் இறங்கும் பேட்டரி. சிறிய கார்களில் 35 ஆம்பியர் மணி பேட்டரி பரவலாக இருக்கும். பாதி சார்ஜுக்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவது சிரமம் என்று வைத்தால், 17.5 ஆம்பியர் மணி ஒரு வாரத்தில், அதாவது 168 மணி நேரத்தில் போயிருக்கிறது. வகுத்துப் பாருங்கள், 100 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். நிற்கும் வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் இழுப்பது பொதுவாக ஏற்கத்தக்கது. உங்கள் வண்டி அதைப்போல் இரு மடங்கு இழுக்கிறது, எரிந்துகொண்டே இருக்கும் ஒரு குட்டி விளக்கு போதும் இதற்கு.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி நடுவில் ஆம்பியர் அளவில் மீட்டரை வைப்பது வழக்கமான முறை. அதில் சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடித்துவிட்டால் மீட்டரின் பியூஸ் போய்விடும். எனக்குப் பிடித்த முறை வேறு, இங்கேயும் வோல்ட் இழப்புதான். பிளேடு பியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொடுங்கள். பியூஸுக்கும் சில மில்லி ஓம் தடை உண்டு. அதன் வழியே கரண்ட் ஓடினால் மில்லி வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, சில பங்கு என்று காட்டும். ஓடாவிட்டால் சுத்த பூஜ்யம். எந்த பியூஸையும் பிடுங்காமல், எந்த இணைப்பையும் கலைக்காமல் பெட்டி முழுவதையும் பார்த்துவிடலாம். வண்டியைப் பூட்டி, பானட்டைத் திறந்தே வைத்து, அரை மணி நேரம் கழித்து அளக்கவும். எலக்ட்ரானிக் பெட்டிகள் உறங்கப் போக நேரம் எடுக்கும், அதற்குள் அளந்தால் எல்லாமே கோளாறாகத் தெரியும்.

எந்த பியூஸில் ஓடுகிறது என்று தெரிந்ததும் அதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். டிக்கி விளக்கு, கையுறைப் பெட்டி விளக்கு, பிறகு மாட்டிய ஆடியோ, அலாரம், ஜிபிஎஸ் கருவி ஆகியவை அடிக்கடி சிக்கும். எல்லா பியூஸும் பூஜ்யம் காட்டி, ஆனாலும் பேட்டரி இறங்கினால், பியூஸ் பெட்டியைத் தாண்டாமல் பேட்டரியோடு நேராக இணைந்தவை மிச்சம்: செல்ஃப் மோட்டாரும், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும். இரவு வண்டியை நிறுத்தி, பல மணி நேரம் கழித்து இன்ஜின் முழுசாக ஆறிய பிறகு ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜினின் மற்ற பகுதியெல்லாம் ஆறியிருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், உள்ளே கரண்டை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய டையோடு ஒன்று கசிகிறது. அப்படியானால் ஆல்டர்னேட்டரைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து டையோடு தட்டை மாற்றச் சொல்லுங்கள், முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றத் தேவையில்லை.